ஏடிவி பேட்டரி: பராமரிப்பும் மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண், மணல், சேறு, மலைச்சரிவு என்று ரோடு இல்லாத இடங்களில் ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட நாலு சக்கர பைக்கைத்தான் ஏடிவி, குவாட் பைக் என்கிறோம். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்டுகிற பெரிய வகை யுடிவி. பண்ணையிலும் ரிசார்ட்டிலும் சாகசப் பூங்காவிலும் இவற்றை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது 12 வோல்ட் பேட்டரியைப் பற்றித்தான். இந்த வண்டிகளில், ஓடித் தேய்ந்து சாகிற பேட்டரியைவிடச் சும்மா நின்று சாகிற பேட்டரிதான் அதிகம். கீழே உள்ள பதில்களில் பாதி அதைத் தடுப்பதற்கானவை.

வண்டியை எடுக்கவே இல்லை. அப்புறம் எப்படி பேட்டரி இறங்கியது?

வயரைக் கழற்றி அலமாரியில் வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே வேதிவினை நிற்பதில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் நிற்கிற வண்டிக்கும் குளிரூர் வண்டிக்கும் இதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு காரணம், சாவியை அணைத்த பிறகும் வண்டி குடிக்கிற மின்சாரம். மீட்டரில் உள்ள கடிகாரம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு, நீங்கள் பிற்பாடு மாட்டிய ஜிபிஎஸ், அலாரம், மொபைல் சார்ஜர் பாயின்ட் எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-ஹவர் (ஏஎச்) போகிறது. 12 ஏஎச் பேட்டரி 25 நாளில் முழுக்கக் காலி. அதற்கு வெகு முன்பே செல்ஃப் எடுப்பது நின்றுவிடும்.

இறங்குவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது மறுபடி கரைந்துவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் படிவு பெரிய படிகங்களாக இறுகிவிடும். அந்த அளவுக்குத் தகடு வேலை செய்யாது. எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு திரும்பாது.

சாவி அணைத்த பிறகு எவ்வளவு இழுக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

மல்டிமீட்டரை ஆம்பியர் அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையையும் அதற்குரிய துளையில் மாட்டிக்கொள்ளுங்கள். சாவியை அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கழற்றிய வயருக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரைப் பிடியுங்கள். சில மில்லி ஆம்பியர் காட்டினால் இயல்பு. ஐம்பது, நூறு என்று காட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கோளாறு. பெரும்பாலும் கம்பெனி வயரிங்கில் இருக்காது, வெளியில் மாட்டிய கூடுதல் லைட்டிலோ சார்ஜர் பாயின்ட்டிலோ இருக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எத்தனை வோல்ட் இருந்தால் நல்ல பேட்டரி?

சார்ஜ் போட்ட உடனேயோ ஓட்டி நிறுத்திய உடனேயோ பார்த்தால் அளவு பொய் சொல்லும். சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டுப் பாருங்கள். ஈய-அமில பேட்டரியில் 12.6 முதல் 12.8 வரை முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்தான் இருக்கிறது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பன்னிரண்டு காட்டுகிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று நினைப்பவர்கள் மிக அதிகம். அந்தப் பன்னிரண்டு, உடனே சார்ஜரில் போட வேண்டிய பன்னிரண்டு. 12.4க்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொண்டால் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும்.

வோல்ட் 12.6 காட்டுகிறது. ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை, 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது. ஏன்?

சும்மா இருக்கும்போது காட்டுகிற வோல்ட் வேறு, பளு ஏறும்போது நிற்கிற வோல்ட் வேறு. மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 12.6இலிருந்து 10, பத்தரை வரை இறங்கி அங்கே நிற்கும். இன்ஜின் சுற்றும். ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஏழு, எட்டு என்று சரிந்து, வண்டியின் மீட்டர் டிஸ்பிளே மங்கி, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே மட்டும் தட்டுகிறது என்றால் பேட்டரியின் காலம் முடிந்தது. முழுக்க சார்ஜ் போட்ட பிறகு இந்தச் சோதனையைச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 12க்கு மேலேயே நிற்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது: லூஸான நட்டு, உள்ளே பச்சை பிடித்த வயர், கருகிய ரிலே. இதே மாதிரி நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவிலும் பாருங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் இறங்குகிற வண்டியில் எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே பெயின்ட்டைச் சுரண்டி, துடைத்து, நட்டை இறுக்கியதுமே சரியான வண்டிகள் ஏராளம். புது பேட்டரி வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, பேட்டரி டெர்மினலில் பாருங்கள். பதிமூன்றரை முதல் பதினாலரை வரை காட்ட வேண்டும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தும் 13க்கு மேல் ஏறவில்லை என்றால் மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயில், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அல்லது இடையில் உள்ள கனெக்டர் கெட்டிருக்கலாம். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. அதை மாற்றாமல் எத்தனை புது பேட்டரி போட்டாலும் வெந்து உப்பிவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய பழக்கம் வேண்டாம். ஒரு நொடி எகிறும் வோல்ட்டில் இசியு போய்விடலாம்.

தினமும் ஓட்டுகிறோம். அப்படியும் பேட்டரி பலவீனமாகவே இருக்கிறதே?

எப்படி ஓட்டுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். ரிசார்ட்டில் ஐந்து நிமிஷச் சுற்று, அப்புறம் ஆஃப், அடுத்த ஆளுக்கு மறுபடி செல்ஃப் என்று ஓடுகிற வண்டியில், எடுத்த மின்சாரம் முழுவதும் திரும்பி வர நேரமே கிடைப்பதில்லை. நடுவில் ஐட்லிங்கில் நிற்கும்போது ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, ஹெட்லைட் எரிகிறது. 35 வாட் பல்ப் இரண்டு எரிந்தாலே ஆறு ஆம்பியர். ஃபேன் தனி. ஐட்லிங்கில் ஸ்டேட்டர் தருவது இதற்கே போதாமல், மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்குகிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் தெரியும்.

சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டாரான வின்ச் இருந்தால் இன்னும் மோசம். சேற்றில் முழுப் பளுவோடு இழுக்கும்போது வின்ச் நூறு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். வண்டி தரக்கூடியது பொதுவாக முப்பது ஆம்பியர் சுற்றுவட்டாரம்தான். அதனால் வின்ச் போடும்போது இன்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக்கொண்டே இழுங்கள். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். மோட்டாரும் ஆறும், பேட்டரியும் தேறும். பெரிய பேட்டரி போட்டால் கூடுதல் நேரம் இழுக்கலாம், அவ்வளவுதான். திரும்ப நிரப்புவது அதே ஸ்டேட்டர்தான்.

இப்படி ஓடுகிற வண்டிகளுக்கு ஒரே வழி, வாரம் ஒரு ராத்திரி சார்ஜரில் போடுவது.

பவர் ஸ்டீயரிங் லைட் எரிகிறது. பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் வோல்ட் குறைந்தால் முதலில் கை வைப்பது அங்கேதான். லைட் எரியும், ஸ்டீயரிங் திடீரென்று கனமாகும். சம்பந்தமே இல்லாத எர்ரர் கோடுகளும் வரும். விலை கூடிய பாகங்களை மாற்றச் சொல்கிறார்கள் என்றால், அதற்கு முன் பேட்டரியையும் எர்த்தையும் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

கார் பேட்டரி சார்ஜரை இதற்குப் போடலாமா?

ஆட்டோமேட்டிக் இல்லாத பெரிய சார்ஜர் வேண்டாம். பேட்டரியின் ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் என்பது பழைய, நம்பகமான கணக்கு. 12 ஏஎச் பேட்டரிக்கு 1.2 ஆம்பியர், 30 ஏஎச்சுக்கு 3 ஆம்பியர். பத்து ஆம்பியர் சார்ஜரில் சின்ன பேட்டரியைப் போட்டால் சூடாகி, உள்ளே இருக்கும் நீர் வாயுவாகப் போய்விடும். மூடிய பேட்டரியில் போன நீரைத் திரும்ப ஊற்றவும் முடியாது.

முழுதானதும் தானாகவே குறைத்துக்கொள்கிற ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். ஒரு பேட்டரியின் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கும். ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்த மூடிய வகை), சாதா, லித்தியம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அதில் இருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஆகும்போது வெளியேறும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் வெடிக்கும். அதனால் கிளிப்பை மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டுமா?

மேலே ஆறு மூடி இருந்து, பக்கவாட்டில் மேல்கோடு கீழ்கோடு இருந்தால் ஊற்ற வேண்டும். மாதம் ஒருமுறை பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆர்ஓ தண்ணீர், குழாய்த் தண்ணீர், ஆசிட் எதுவும் கூடாது. குறைவது நீர்தான், ஆசிட் அப்படியே இருக்கிறது. அந்த வகையில் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய டியூப் கீழே போகும். அது மடங்காமல், சீட்டுக்கடியில் நசுங்காமல் இருக்க வேண்டும். அடைத்தால் ஆசிட் ஆவி சேஸிஸை அரிக்கும். ஏஜிஎம், ஜெல் வகை பேட்டரிகளைத் திறக்கவே கூடாது. ஏடிவி சாய்கிற, சில நேரம் கவிழ்கிற வண்டி என்பதால், வாங்கும்போதே மூடிய ஏஜிஎம் வகையை எடுப்பது நல்லது.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறது. என்ன செய்வது?

வயரைக் கழற்றிவிட்டு, ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் சுத்தமான தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்து, உலரவிட்டு மாட்டுங்கள். மூடி உள்ள பேட்டரியில் சோடாத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது. இறுக்கிய பிறகு மேலே வாசலின் அல்லது டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெலிதாகப் பூசுங்கள். கழுவுமிடத்தில் பிரஷர் வாட்டரை பேட்டரிப் பெட்டியின் பக்கம் நேராக அடிக்க வேண்டாம். பேட்டரியைப் பிடிக்கிற ரப்பர் பட்டை தளர்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக் குலுங்கி உள்ளே தகடுகள் உடைவது, வெளியே எதுவும் தெரியாமல் நடக்கிற சேதம்.

மழைக்காலத்தில் மூன்று மாதம் வண்டி நிற்கும். என்ன செய்து வைக்க வேண்டும்?

முழுக்க சார்ஜ் போட்டு, நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். முடிந்தால் பேட்டரியையே வெளியே எடுத்து, நிழலான, உலர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வோல்ட் பார்த்து, 12.5க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். ஸ்மார்ட் சார்ஜர் இருந்தால் அதிலேயே மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஐட்லிங்கில் விடுகிறோம் என்று பலர் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பேட்டரிக்குக் கெடுதல். செல்ஃப் எடுத்தது அந்த ஐந்து நிமிஷத்தில் திரும்பாது. இன்ஜினும் முழுச் சூடு ஏறாததால் உள்ளே ஈரம் தங்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

கனடா மாதிரிக் குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து. இறங்கிய பேட்டரியில் இருப்பது ஏறத்தாழ தண்ணீர்தான் என்பதால், மைனஸ் பத்து டிகிரி வாக்கிலேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். முழு சார்ஜில் இருந்தால் மைனஸ் ஐம்பதிலும் உறையாது. உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. குளிரில் பேட்டரியின் இழுவைத் திறனும் விழும். மைனஸ் 18 டிகிரியில், சாதாரண வெப்பத்தில் இருப்பதில் சுமார் 40 சதவீதம்தான் மிஞ்சும்.

சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடுமாமே?

இறங்காது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியில் மின்சாரம் தரைக்குப் போக வழியில்லை. வெளிப்புறம் அழுக்கும் ஈரமும் ஆசிட்டும் படிந்திருந்தால்தான் டெர்மினலுக்கு டெர்மினல் மெல்லக் கசியும். துடைத்து வையுங்கள், போதும்.

பைக் மாதிரி தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா?

பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் முடியாது. இன்ஜின் சுற்றாதவரை பெல்ட் பிடிக்காது, சக்கரம் சுற்றினாலும் இன்ஜின் சுற்றாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வசதி பழைய வண்டிகளில் பரவலாக இருந்தது, புதியவற்றில் குறைந்துவிட்டது. கயிறு இருந்தாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்புக்கும் இசியுவுக்கும் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். காட்டுக்குள் தனியாகப் போகிறவர்கள் கையளவு லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வைத்துக்கொள்வது அவசியம் என்பேன்.

காரிலிருந்து ஜம்ப் எடுக்கலாமா?

எடுக்கலாம், கார் இன்ஜினை அணைத்துவிட்டு. காரின் பேட்டரியே தாராளமாகப் போதும். கார் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஆல்டர்னேட்டர் ஏடிவியின் மென்மையான எலக்ட்ரானிக்ஸுக்குத் தொல்லை. சிவப்பை இறங்கிய பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனை கார் பாசிட்டிவில். கறுப்பைக் காரின் நெகட்டிவில், கடைசி முனையை ஏடிவியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி முனையில் பொறி தெறிக்கும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு வண்டியும் 12 வோல்ட் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். 24 வோல்ட் லாரியோடு விளையாட வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

பொதுவாக ஈய-அமில பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் வரும், வெப்ப ஊர்களில் இரண்டு மூன்றுதான். வயதைவிட நடத்தையைப் பாருங்கள். முழு சார்ஜ் போட்டும் மறுநாள் 12.4க்கு வந்துவிடுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழே விழுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மாற்றுங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ சோதனையே தேவையில்லை.

பேட்டரி மேல் ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ் என்று எழுதியிருக்கிறது. என்ன பொருள்? புல்லட்டுக்கு விற்கிற 14 ஏஎச் பேட்டரியைப் போட்டால் ஆகாதா?

இந்தக் குறியீடு யுவாசா கம்பெனியிலிருந்து வந்து எல்லாரும் பின்பற்றுவது. 20 என்பது அளவு வகுப்பு, அப்படியே ஏஎச் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதன் உண்மைக் கொள்ளளவு 18 ஏஎச். எல் என்ற எழுத்து பாசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது: டெர்மினல்கள் உங்களைப் பார்க்கும்படி வைத்தால் பாசிட்டிவ் வலப்பக்கம். பிஎஸ் என்றால் ஆசிட் தனி பாட்டிலில் வரும். நடுத்தர ஏடிவிகளில் பரவலாக இருப்பது ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ்; அது 12 ஏஎச், பாசிட்டிவ் இடப்பக்கம். பெரிய யுடிவிகளில் வருவது ஒய்டிஎக்ஸ்30எல்-பிஎஸ், 30 ஏஎச்.

வேறு பேட்டரி போடுவதென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பெட்டிக்குள் அடங்க வேண்டும். உயரம் கூடினால் சீட்டின் அடித்தகடு டெர்மினலில் உரசி ஷார்ட் ஆகும். பாசிட்டிவ் இருக்கும் பக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் எட்டாது, எட்ட வைத்தால் ஆபத்து. அப்புறம் சிசிஏ எனப்படும் குளிர் இழுவைத் திறன் பழையதற்குக் குறையக் கூடாது. ஏஎச் ஒன்றாக இருந்தும் சிசிஏ குறைவாக இருந்தால் பெரிய சிலிண்டரைச் சுற்றத் திணறும். ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ்ஸில் அது 200, ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ்ஸில் 270. புல்லட் பேட்டரி இத்தனையிலும் தேறினால் தாராளமாகப் போடலாம். கடைக்காரர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் வேண்டாம்.

ஆசிட் தனியாக வந்திருக்கிறது. ஊற்றி உடனே ஓட்டலாமா?

இந்த ஒரு வேலையில் காட்டுகிற அவசரம்தான் புது பேட்டரியின் ஆயுளைப் பாதியாக்குகிறது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரியைச் சமதரையில், வண்டிக்கு வெளியே வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை உரித்துவிட்டு, ஆறு குப்பி சேர்ந்த ஆசிட் பாட்டிலைத் தலைகீழாக ஆறு துளையிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். குப்பி ஒவ்வொன்றிலும் காற்றுக் குமிழி ஏறுவது தெரியும். ஏதாவது ஒன்றில் குமிழி வரவில்லை என்றால் அந்தக் குப்பியின் அடியை மெல்லத் தட்டுங்கள். ஆறும் முழுக்கக் காலியாக வேண்டும்.

பிறகு அரை மணி நேரமாவது மூடாமல் விடுங்கள், பிளாஸ்டிக் மூடியை மேலே சும்மா வைத்தால் போதும். ஆசிட் தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி இழைப் பஞ்சில் ஊற அந்த நேரம் வேண்டும். பேட்டரி கொஞ்சம் சூடாகும், பயப்பட வேண்டாம். ஊறிய உடனே அது முழு சார்ஜில் இருக்காது. கையேட்டில் சொன்ன ஆம்பியரில் முழுக்க சார்ஜ் போட்டு, பிறகு மூடிப் பட்டையைக் கையால் சமமாக அழுத்தி மூடுங்கள். அதன் பிறகு ஒருபோதும் திறக்கக் கூடாது. கூட வந்த ஆசிட்டைத் தவிர வேறு ஆசிட் கூடாது. இந்த வகைக்கு வருவது கடையில் சில்லறையாக விற்பதைவிடச் செறிவு கூடியது.

ஆசிட் கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள்.

கழற்றி மாட்டுவதில் எந்த வயர் முதலில்?

கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். வண்டியின் இரும்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டைத் திருகுகிற ஸ்பேனர் சேஸிஸில் பட்டால் ஷார்ட்; ஸ்பேனர் ஒட்டிக்கொண்டு சிவக்கும். மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேட்டரி சீட்டுக்கடியில் இருக்கும், சில வண்டிகளில் முன்புறம் பிளாஸ்டிக்குக் கீழே. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் எந்த வயர் எங்கே என்ற குழப்பம் வராது. டெர்மினலில் போடும் சதுர நட்டு உள்ளே விழுந்து தொல்லை கொடுத்தால், அதன் கீழே சின்ன ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள், நட்டு உயர்ந்து நிற்கும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா?

எடை மூன்றில் ஒரு பங்குதான், நின்றாலும் மெதுவாகவே இறங்கும், ஆயுளும் கூடுதல். பந்தய வண்டிக்கு நல்ல தேர்வு. ஆனால் சார்ஜிங் 14.6 வோல்ட்டைத் தாண்டாத வண்டியாக இருக்க வேண்டும். பழைய ரெகுலேட்டர் உள்ள வண்டியில் போட வேண்டாம். லித்தியத்தில் வோல்ட் கணக்கும் வேறு: முழு சார்ஜில் 13.3 வாக்கில் நிற்கும், 12.8 என்றால் நிறைய இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈய பேட்டரிக்கான சல்பேட் நீக்கும் முறை உள்ள சார்ஜர் கூடாது. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடுவதும் கூடாது. கடுங்குளிரில் முதல் செல்ஃப் சோம்பலாக இருக்கும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிஷம் எரியவிட்டு அடித்தால் உள்ளே சூடேறி எடுத்துவிடும். வின்ச் அதிகம் போடும் பண்ணை வண்டிக்கு என் வாக்கு இன்னும் நல்ல ஏஜிஎம்முக்குத்தான். அதே விலையில் பெரியது கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்.

பிள்ளைகள் ஓட்டும் 36 வோல்ட் எலக்ட்ரிக் குவாடில் ஒரு பேட்டரி மட்டும் போய்விட்டது. அதை மட்டும் மாற்றலாமா?

மூன்று 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்ததுதான் அந்த 36. மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் பலவீனமானது சீக்கிரம் இறங்கி, சார்ஜ் போடும்போது மற்றவை அளவுக்கு மீறி வாங்கிக் கெட்டுவிடும். ஓட்டி முடித்ததும், அன்றைக்கே, சூடு ஆறிய பிறகு சார்ஜ் போடுகிற பழக்கம் இதற்கு மிக முக்கியம்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையிலும் கழித்துக்கொள்வார்கள். இந்தியாவில் 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. நூறு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று தெருவில் உடைத்து உருக்குகிறவர்களிடம் போடாதீர்கள். அந்தப் புகையும் சாம்பலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேர்கிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் சொன்னது. ஒழுங்கற்ற பேட்டரி உருக்குதல் அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று.

கடைக்கு எடுத்துப் போகும்போது டெர்மினல் இரண்டிலும் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் தொட்டியில் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போங்கள். விரிசல் விட்டதென்றால் தொட்டியில் கொஞ்சம் ஆப்ப சோடாவும் தூவிக்கொள்ளுங்கள்.